எட்டு சிபியு இருந்தும் ஒன்றே மாடாக உழைக்கிறதா? லினக்ஸில் பார்ப்பது எப்படி

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன்: நாலு கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), கோருக்கு இரண்டாக எட்டு திரெட். அந்த ஒவ்வொரு திரெட்டையும் லினக்ஸ் ஒரு சிபியுவாக எண்ணும். பைதான் நிரல் ஒன்றை ஓடவிட்டால் ஃபேன் அலறுகிறது, மொத்த சிபியு பயன்பாடோ 12.5 சதவீதத்திலேயே நிற்கிறது. எட்டில் ஒரு பங்கு, கணக்கு சரிதான்.

டெர்மினலில் டாப் (சிபியு பயன்பாட்டைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு 1-ஐ அழுத்துங்கள், ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி வரி வரும். ஒன்று 100-இல் நிற்க மற்றவை சும்மா கிடந்தால் கர்னலை, அதாவது லினக்ஸின் மையப்பகுதியை, திட்டிப் பயனில்லை. நிரலின் ஒரு திரெட்டை (இது சிப்பின் திரெட் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வேலைத்தொடர்) இரண்டாக வெட்டிப் பங்கு போட அதனால் முடியாது, நிரலைத்தான் நாம் பிரித்து எழுத வேண்டும்.

மற்றபடி பங்கீடு கர்னலின் வேலை. தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி வரிசை, ஒன்று காலியானால் பக்கத்து வரிசையில் நிற்கிற வேலையை அதுவே இழுத்துக்கொள்ளும். ஆனால் இடம் மாறிய வேலை, பழைய கோரின் கேஷில் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) இருந்த டேட்டாவை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும் என்பதால் சும்மா சும்மா மாற்றாது.

அப்புறம் டாஸ்க்செட், நிரலை நாம் சொல்லும் சிபியுவில் கட்டிவைக்கும் கட்டளை. மைனஸ் சி போட்டு, சிபியு எண், பிறகு உங்கள் கட்டளை. நிரல் அந்தச் சிபியுவை விட்டு நகராது. எண்கள் 0-இல் தொடங்கும். இங்கேதான் நான் சொதப்பினேன். இரண்டு கனமான நிரல்களை 0-இலும் 4-இலும் கட்டிவைத்துவிட்டு, ஏன் இரண்டுமே நத்தையாக நகர்கின்றன என்று ஒரு ராத்திரி முழுக்க முழித்தேன். எல்எஸ்சிபியு (சிபியுக்களைப் பட்டியலிடும் கட்டளை) மைனஸ் ஈ போட்டுப் பார்த்தால், கோர் என்ற பத்தியில் இரண்டுக்கும் ஒரே எண்! ஒரே கோரின் இரண்டு திரெட்டுகள், ஒரே அடுப்பில் இரண்டு குக்கர். எந்த எண்ணுக்கு எது ஜோடி என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

ப்ராக் கோப்புறையில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கார்டு, டிஸ்க் போன்றவை ஒவ்வொரு சிபியுவையும் எத்தனை முறை குறுக்கிட்டுக் கூப்பிட்டன என்ற கணக்கு அதில் இருக்கும். நெட்வொர்க் கார்டின் வரியில் ஒரே சிபியுவின் கீழ் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால், அந்தச் சிபியு கார்டுக்குப் பதில் சொல்வதிலேயே மும்முரம் என்று அர்த்தம்; உங்கள் நிரலை அங்கே கட்டாதீர்கள், வேறு கோருக்கு அனுப்புங்கள்.