மூன்று நாள் லீவில் கிராஸ் ஸ்டிச்

புதுசாக எதையும் தொடங்காதீர்கள். துணியின் கட்டங்களை எண்ணி, பெருக்கல் குறி போலப் போடும் தையல்தான் கிராஸ் ஸ்டிச். அதில் பாதியில் நிற்கும் ஒன்றை எடுங்கள். நூல் குறைந்தால் முதல் நாளே சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போய்விடுங்கள். மிச்ச நூலைக் கையோடு கொண்டுபோய் வெயிலில் ஒப்பிடுங்கள். ஒரே கலர் நம்பர் என்றாலும் சாயம் லேசாக மாறும்.

14 கவுண்ட் ஐடா துணிக்கு (அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி) 24ஆம் நம்பர் ஊசி, நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்துக் கோருங்கள். நீளம் 45 செ.மீ. போதும், கூடினால் பிசிறடித்து முடிச்சு விழும். நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே பிரியும்.

அதிகம் சொதப்புவது எண்ணிக்கைதான். ஒரு கட்டம் தப்பினாலும் இரண்டு பக்கமும் சேராது, பிரிக்க அரை நாள் போகும். பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு, வெளிர் நிறத் தையல் நூலில் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். பெருக்கல் குறியில் மேலே வரும் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். மாறினால் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ராயபுரம், காசிமேடு உப்புக்காற்றில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தால் துருக்கறை நிச்சயம். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் ராத்திரி கழற்றிவிடுங்கள். சிவப்பு நூலை முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் போகிறதா என்று பாருங்கள். முடித்ததும் குளிர்ந்த நீரில் அலசி, டவல் மேல் கவிழ்த்து இஸ்திரி.