ஒரு தொழிலின் உள்ளறிவைக் கற்பது எப்படி?

நெல் விதைக்கச் சேறு ஏற்றதாகும் நிலையைக் குறிக்கும் 'பதம்' என்ற சொல்லை அகராதியில் தேடுவதை விட, இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சி வயலொன்றில், மூத்த கமக்காரர் ஒருவருடன் ஒரு போகமாவது வரம்பில் நில்லுங்கள். அவர் சேற்றை அள்ளி விரலிடுக்கில் பிதுக்கி, "இன்னும் பதம் வரேல்லை, தம்பி" என்று சொல்லும்போது நீங்களும் அதே சேற்றை அள்ளிப் பாருங்கள். மிகவும் இளகிய சேற்றில் முளைநெல் அமிழ்ந்து அழுகிவிடும் என்பதால், உங்கள் கணிப்புப் பிழைத்தால் அவர் உடனே திருத்துவார், அந்தத் திருத்தத்தில்தான் சொல்லின் பொருள் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது.

பின்னர் சிறுபோகக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். காலபோகம் பெரும்பாலும் மாரி மழையை நம்பியது. சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரை நம்பியது, ஆகவே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அங்கே கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள்.

நீதியான செயல்களைச் செய்தே மனிதர் நீதியுள்ளவராகிறார் என்றார் அரிஸ்டாட்டில். எனவே நியாயத்தை வாய்க்கால் கரையில் பழகுங்கள்: உங்கள் முறை முடிந்ததும் மடையை அடைத்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் சேர்ந்ததா என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே வீடு திரும்புங்கள். 2008-2009 இறுதிப் போரில் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது இந்தக் கற்றல் பலருக்கு அறுந்துபோனது என்பது என் மனத்தை இன்னும் வருத்துகிறது. மூத்தவர்கள் இருக்கும்போதே, இந்தப் போகத்திலேயே போய்க் கேளுங்கள்.