போன் மீட்டிங்ல கேள்வி நேரத்தை சமாளிக்க ஒரு வழி
எங்க மடிப்பாக்கம் அப்பார்ட்மென்ட் சங்க மீட்டிங் ஜூம்லதான், ஆனா பெரியவங்க பாதி பேர் சாதா போன்ல டயல் பண்ணி வருவாங்க, கேள்வி கேளுங்கன்னு சொன்னதும் பத்து பேர் ஒண்ணா பேச நடுவுல யார் வீட்டு குக்கரோ விசில் அடிக்க ஒண்ணுமே புரியாது. அதனால முதல்லயே எல்லாரையும் மியூட் பண்ணிடுங்க. கேள்வி இருந்தா கை தூக்க ஸ்டார் 9, கூப்பிட்டதும் மியூட்டை எடுக்க ஸ்டார் 6 அழுத்தி பேசணும்னு ரெண்டு தடவை மெதுவா சொல்லுங்க. "இப்போ 417ல முடியுற நம்பர், அடுத்து 052, ரெடியா இருங்க மாமி"ன்னு சேத்தே கூப்பிடுங்க, இது ரொம்ப முக்கியம், இல்லன்னா ஒவ்வொருத்தருக்கும் வெயிட் பண்ணியே நேரம் போயிடும். ஒருத்தருக்கு ரெண்டு கேள்விதான், மிச்சம் இருந்தா திரும்ப வரிசைல வரட்டும். கேள்வியை நீங்க ஒருதடவை திருப்பிச் சொல்லிட்டு பதிலுக்கு விடுங்க, காது சரியா கேக்காதவங்களுக்கு பெரிய உதவி.