சீனியை ஆறவிடு, உப்பைக் காயவிடு, சோடாவைக் குளிரவிடு

உடன்குடிப் பக்கம் ஒரே பதநீரைக் காய்ச்சி இரண்டு சரக்கு எடுக்கிறார்கள். நன்றாக வற்றவிட்டு, கிண்டி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதற்கு முன்னாலேயே பாகாக இறக்கி, நூல் தொங்கும் பானையில் ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் போட்டுவைத்தால் பனங்கற்கண்டு. அங்கிருந்து தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனால் அடுப்பே கிடையாது, முழு வேலையும் வெயிலுடையது. ஒவ்வொரு பொருளும் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரில் எவ்வளவு கரைகிறது என்பதுதான் இந்த முறைகளைத் தீர்மானிக்கிறது.

100 கிராம் தண்ணீரில் சீனி 20 டிகிரியில் சுமார் 200 கிராம் கரையும். 30 டிகிரியில் 215, 60 டிகிரியில் 287, 100 டிகிரியில் 487 கிராம். சமையல் உப்போ 20 டிகிரியில் 36 கிராம், கொதிநீரிலும் 39 கிராம்தான். சூடாகக் கரைத்த சீனிப்பாகு ஆறும்போது, பிடித்துவைக்க முடியாத சீனியை வெளியே தள்ளும். உப்புக்கரைசலை எவ்வளவு ஆறவைத்தாலும் ஒரு சிட்டிகைதான் தேறும்.

வீட்டில் கற்கண்டு எடுக்க 250 மில்லி தண்ணீர், 700 கிராம் சீனி போதும். இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகளில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சீனி என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. திருநெல்வேலியில் கோடையில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல் இருக்கும், அந்தச் சூட்டில் இரண்டு பங்கு சீனியும் கரைந்தே கிடக்கும். நம் அளவில் 30 டிகிரிக்கு வரும்போது 250 மில்லி தண்ணீர் சுமார் 540 கிராமைத்தான் தாங்கும். மிச்சம் 160 கிராம் கற்கண்டாக வரலாம். ஒரு வாரத்தில் அவ்வளவும் நூலில் ஏறிவிடாது, பாதி வந்தாலே நல்ல வேலை.

முதல் நாளே பருத்தி நூலைப் பாகில் நனைத்து, சீனியில் புரட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஒட்டியிருக்கும் அந்தப் பரல்கள்தான் விதை. மறுநாள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, சீனியை மூன்று நான்கு தடவையாகப் போட்டுக் கிண்டுங்கள். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பரல்கூடத் தெரியக்கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்து ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அதில் ஒன்று உள்ளே விழுந்தாலும் அது தனியாக வளர ஆரம்பித்துவிடும். எல்லாம் கரைந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் தாண்டினால் தண்ணீர் வற்றி, ஆறியதும் பானையோடு கட்டியாகும்.

வெதுவெதுப்பாக்கிய கண்ணாடிப் பாட்டிலில் பாகை ஊற்றுங்கள், குளிர்ந்த பாட்டில் விரிசல் விட்டுவிடும். நூலை உடனே இறக்கக்கூடாது. இந்தப் பாகு 60 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வரும்போதுதான் சீனியை வெளியே விடத் தொடங்கும், அதற்கு முன் நூல் இறங்கினால் விதைப் பரல்கள் கரைந்து வெறும் நூல் மிஞ்சும். பாட்டிலைக் கையால் சில நொடி பிடிக்க முடிகிற சூட்டில் இறக்குங்கள். அடியிலிருந்தும் சுவரிலிருந்தும் இரண்டு மூன்று செ.மீ. தள்ளித் தொங்கட்டும். வாயைத் துணியால் கட்டி, மின்விசிறிக் காற்று படாத இடத்தில், எறும்புக்குத் தண்ணீர்த் தட்டின்மேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஐந்திலிருந்து பத்து நாளில் பட்டை பட்டையாக ஏறியிருக்கும்.

கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். ஆறும்போது கிண்டினாலோ ஆட்டினாலோ ஆயிரக்கணக்கான பொடிப் பரல்கள் ஒரே சமயத்தில் பிறந்து எல்லாம் சேர்ந்து கருப்பட்டிபோல இறுகும். ஃபிரிட்ஜில் வைத்தால் பாகு தடித்து, சீனி நூலை நோக்கி நகரவே முடியாமல் நின்றுவிடும். மேலே ஆடை கட்டினால் குச்சியால் மெல்ல எடுத்துவிடுங்கள், நூல் ஏறாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பாகில் எலுமிச்சை சொட்டு விடவே வேண்டாம். லட்டுப் பாகு பூக்காமலிருக்க விடுகிற அதே எலுமிச்சைதான் இங்கே எதிரி, சீனியின் ஒரு பகுதியை அது உடைத்துப் படிகம் கட்டவிடாது.

உப்புக்கு ஆறவைக்கும் வழி இல்லாததால் தண்ணீரைத்தான் விரட்ட வேண்டும். உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றி, உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரி வந்ததும் உப்பு இறங்கத் தொடங்கும். 29-ஐ ஒட்டி மிச்சநீரை வெளியேற்றிவிடுவார்கள், விட்டால் மக்னீசிய உப்பு சேர்ந்து கசக்கும்.

பதநீர்க் கலயத்தில் பூசும் சுண்ணாம்பு தலைகீழ். ஒரு லிட்டரில் 20 டிகிரியில் 1.7 கிராம் கரையும், கொதிநிலையில் 0.7 கிராம்கூடத் தாங்காது. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சின்னப் பாத்திரத்தில் சூடாக்கினால் கலங்குவது தெரியும். கண்ணில் தெறிக்காமல் செய்யுங்கள்.

வாயுக்கள் பெரும்பாலும் தண்ணீரில் சூட்டுக்கு ஓடுகிறவை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்க வெகுநேரம் முன்பே பாத்திரச் சுவரில் மணி மணியாகக் குமிழ் ஒட்டுமே, அது ஆவி இல்லை, கரைந்திருந்த காற்று. சோடாவில் போகும் கார்பன் டை ஆக்சைடு, சாதாரண அழுத்தத்தில், ஒரு லிட்டரில் 0 டிகிரியில் 3.3 கிராமும் 30 டிகிரியில் 1.25 கிராமும் கரையும். அதனால் சோடா அடிக்க ஐஸ்தண்ணீர் எடுங்கள், திறக்குமுன் பாட்டிலையும் குளிரவையுங்கள். வெயிலில் கிடந்த பாட்டிலை உடைத்தால் பாதி வெளியே பொங்கி, மிச்சம் வெறும் தண்ணீராகும்.

குளத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கு இதே கணக்கு உயிர்ப்பிரச்சினை. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30-ல் 7.5-தான் தாங்கும். சூட்டில் மீனுக்கோ கூடுதலாக வேண்டும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். சித்திரை வைகாசியில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீனியை நிறுத்தி, பின்னிரவு மூன்று மணி வாக்கில் பம்பைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள். தொட்டி மீனுக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அப்படியே விடாதீர்கள், அதில் காற்று இருக்காது. இரண்டு பாத்திரத்தில் நாலைந்து தடவை ஆற்றி ஊற்றுங்கள்.

போர் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலில் வெள்ளையாக ஏடு பிடிப்பதிலும் வாயுவுக்குப் பங்குண்டு. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி அரைமணி நேரம் விட்டால் பொரிந்து கழன்றுவரும். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் புழங்குங்கள்.