சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டி: ஆள் இறங்காமல் வேலை முடிக்கும் வழிகளும், இறங்கியே தீர வேண்டிய நாளின் முறைகளும்

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரச் சாயப்பட்டறைகளில் பாய்லரின் ஆபத்தும் ஆசிட் பீப்பாயின் ஆபத்தும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கின்றன. ஆனால் மூடி போட்டுக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டியைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது கட்டாயமாகிவிட்டதால், ஒரே வளாகத்தில் சேகரிப்புத் தொட்டி, சமன்படுத்தும் தொட்டி, கசடுத் தொட்டி என்று பல தொட்டிகள் இருக்கின்றன. இவற்றுள் இறங்குவதை அன்றாட வேலையாகக் கருதும் வழக்கத்தை மாற்றுவதே பட்டறை உரிமையாளரும் மேலாளரும் முதலில் செய்ய வேண்டியது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால்தான் முன்னேற்பாடுகளின் காரணமும் புரியும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். அது கழிவுநீரோடு வந்து, காற்றுப் படாத அடிக்கசட்டில் தேங்கும்போது, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. சல்பர் சாயம் போடும் பட்டறைகளில் சோடியம் சல்பைடு நேரடியாகவே கழிவில் இருக்கும் என்பதால், அதன்மேல் ஆசிட் கழிவு வந்து விழுந்தால் இந்த வாயு உடனுக்குடன் கிளம்பும். காற்றைவிடக் கனமான இந்த வாயு தொட்டியின் அடியில் தங்கி நிற்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வாயு) அளவை எட்டும்போது மூக்கின் உணர்வு மரத்துவிடும். 500க்கு மேல் மயக்கம் வரும். 1,000 அளவில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். ஆகவே, "இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்ற பேச்சு மிகவும் ஆபத்தானது. நாற்றம் மறைந்ததற்கு வாயு கூடியதும் காரணமாக இருக்கலாம்.

இறங்க வேண்டிய தேவையையே நீக்குவதுதான் எல்லா முன்னேற்பாடுகளிலும் சிறந்தது. எதற்காக இறங்குகிறார்கள் என்று மேஸ்திரியிடமும் ஃபிட்டரிடமும் கேட்டுப் பாருங்கள். பின்னலாடைத் துணியிலிருந்து உதிரும் பஞ்சு, பம்பு உறிஞ்சும் குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வின் சல்லடையில் கம்பளிபோல் அடைத்துக்கொள்வது, அடியிலிருக்கும் மோட்டார் பழுதாவது, கசடு கெட்டிப்படுவது என்று பெரும்பாலும் சில காரணங்களையே சொல்வார்கள். பஞ்சைத் தொட்டிக்கு வெளியிலேயே பிடிக்க, கால்வாயில் கழற்றிக் கழுவக்கூடிய வலைத் தட்டுகளை இரண்டு நிலைகளில் வைக்கலாம். நீர்மூழ்கி மோட்டாரை வழித்தடக் குழாயில் பொருத்தித் துருப்பிடிக்காத சங்கிலி கட்டிவிட்டால், செயின் பிளாக் கொண்டு மேலிருந்தே தூக்கிவிடலாம். கசட்டை, தண்ணீர் பீய்ச்சி உறிஞ்சும் லாரியைக் கொண்டு வெளியேற்றலாம். இதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுத் தயங்கும் உரிமையாளர்கள், தொட்டிக்குள் ஓர் உயிர் போனால் அந்தக் குடும்பம் இழப்பதை எந்தக் கணக்கில் எழுத முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழிப்பறையின் செப்டிக் டேங்க் வேறு வகையைச் சேர்ந்தது. பாதுகாப்பில்லாமல் அதனுள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டப்படி குற்றம். சாக்கடைக் குழியில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அந்த வேலைக்கு லாரியைத் தவிர வேறு வழியைப் பட்டறைகள் யோசிக்கவே கூடாது.

சுவரில் விரிசல், குழாய் மாற்றுதல் போன்ற காரணங்களுக்காகக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியே ஆக வேண்டும் என்றால், அன்று வேறு வேலைகளின் அவசரம் இதில் குறுக்கிடக் கூடாது. முதலில் தொட்டிக்கு வரும் எல்லா வால்வுகளையும் மூடிப் பூட்டி, மோட்டாரின் மெயின் சுவிட்சையும் அணைத்துப் பூட்டி, சாவியை இறங்குபவரின் கையிலேயே கொடுக்க வேண்டும். தொட்டியைக் காலி செய்தபின், இருக்கும் மூடிகள் அனைத்தையும் திறந்து, புளோயரின் குழாயை அடிவரை இறக்கிக் காற்றைச் செலுத்த வேண்டும். புளோயர் காற்றை இழுக்கும் வாய், ஜெனரேட்டர் புகை வரும் பக்கமாக இருக்கக் கூடாது. காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீவிபத்துக்கு வழி செய்யும்.

அடுத்தது வாயுப் பரிசோதனை. கிணற்றில் செய்வதுபோல விளக்கையோ தீக்குச்சியையோ இறக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே அடியோடு கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்பதை அந்தச் சுடர் காட்டாது, மீத்தேன் இருந்தாலோ வெடிக்கும். ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் அளக்கும் மீட்டர் தேவை. அதன் உறிஞ்சு குழாயை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று உயரங்களில் நிறுத்தி, அந்த மட்டத்துக் காற்று குழாய் வழியே மீட்டருக்கு வந்து சேரும்வரை பொறுத்திருந்து குறிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜனை. ஏனெனில் அது குறைந்த இடத்தில் எரியும் வாயுவின் அளவைப் பல மீட்டர்கள் சரியாகக் காட்டுவதில்லை. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு வரம்பில் (தீப்பற்றக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்தை எட்டினாலும், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் காட்டினாலும் அப்படியே. மூடியைத் திறந்ததும் ஒருமுறை அளந்துவிட்டு மீட்டரை மேசையில் வைத்துவிடுவதும் தவறு. கசட்டை மண்வெட்டியால் கிளறும்போது, அதற்குள் சிறைப்பட்டிருந்த வாயு குமிழ்களாக வெளியேறும் என்பதால், பத்து நிமிடத்துக்கு முன் நன்றாக இருந்த தொட்டி திடீரென மாறிவிடும். வேலை முடியும்வரை மீட்டர் இறங்கியவரின் மார்பில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். புளோயரும் ஓட வேண்டும்.

இறங்குபவருக்கு முழு உடல் ஹார்னஸ் (உடலைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டி, அதன் முதுகு வளையத்தில் கோத்த கயிற்றை, தொட்டி வாயின்மேல் நிற்கும் முக்காலியின் வின்ச்சோடு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையோடு) இணைக்க வேண்டும். முகத்தில் கட்டும் துணியோ தூசு மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய மாஸ்க்கும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. உள்ளே 24 வோல்ட்டுக்கு மேற்படாத, வெடிக்காத வகையில் மூடிய விளக்கு மட்டுமே இருக்கலாம். மேலே நிற்பவருக்குக் கயிற்றைப் பார்ப்பதும் பேச்சுக் கொடுப்பதும் தவிர வேறு வேலை தரக் கூடாது. டீ வாங்கிவர அவரை அனுப்பும் வழக்கத்தை மேலாளர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

அளவீடுகள், நேரம், இறங்குபவர், நிற்பவர் ஆகியவற்றை அனுமதிச் சீட்டில் எழுதி, பரிசோதித்தவரே கையெழுத்திட வேண்டும். தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் சுவாசக் கருவியும் வெளியிலிருந்து ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவிலேயே வகுத்தது. ஆகவே இவை புதிதாக வந்த கெடுபிடிகள் அல்ல. வடமாநிலத் தொழிலாளர்கள் இறங்குவதாக இருந்தால், முறைகளை அவர்களுடைய மொழியிலேயே விளக்கி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். வேண்டாம் என்று மறுப்பவரின் ஒருநாள் கூலியைக்கூடப் பிடிக்கக் கூடாது.

உள்ளே ஒருவர் சரிந்துவிட்டால் மேலே நிற்பவர் இறங்கக் கூடாது. இதைத்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 1986இல் பதிவு செய்தது. அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பான். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அதே காற்றைத்தான் அவனும் சுவாசிக்க நேரும். வின்ச்சைச் சுற்றி மேலே இழுப்பது, புளோயரைத் தொடர்ந்து ஓடவிடுவது, சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையை 101 எண்ணிலும் ஆம்புலன்ஸை 108 எண்ணிலும் அழைப்பது ஆகிய மூன்றும்தான் வெளியில் நிற்போரின் கடமை. வின்ச் இல்லாத பட்டறையில் இழுக்க வழியே இராது என்பதால், அது வாங்கப்படும்வரை எவரையும் இறக்கக் கூடாது.

மேலே கொண்டுவந்தவரைக் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதினால் ஊதுபவரையும் வாயு பாதிக்கக்கூடும். கண் விழித்து எழுந்து, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று அவர் சொன்னாலும் அனுப்பக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்க வேண்டும். என்ன வாயு, மீட்டர் காட்டிய அளவு என்ன, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்ற விவரங்களை மருத்துவரிடம் சொல்ல, அனுமதிச் சீட்டோடு ஒருவர் கூடவே செல்ல வேண்டும்.