டியூப் வெடிக்காம டயர் மாட்டறது எப்படி: ஏற்காடு ஏறுற மவுண்டன் பைக் ஓட்டறவங்களுக்கு

சேலம் கோரிமேட்டுல எங்க அக்கா வீட்டு வாசல்ல போன சித்திரைல நடந்தது இது. அக்கா பையன் புது டியூப் வாங்கி அவனே மாட்டுனான், பக்கத்துல இருந்த பங்க்குக்கு தள்ளிட்டுப் போய் காத்து அடிச்சுட்டு வந்தான், வெயில்ல சுவத்து ஓரமா சாச்சு வச்சுட்டு தண்ணி குடிக்க உள்ள போனான், டமார்னு ஒரு சத்தம். எதிர் வீட்டுக்காரங்க சிலிண்டர்னு நெனச்சு வெளிய ஓடி வந்துட்டாங்க. "மாமா, டுப்ளிகேட் டியூப்பைக் குடுத்து ஏமாத்திட்டாங்க"ன்னான். கழட்டிப் பாத்தேன். டியூப்ல ஒரு சாண் நீளத்துக்கு நேர்கோடா கிழிசல், வால்வுல இருந்து நாலு விரக்கடை தள்ளி, அதே எடத்துல டயர் ரிம்மை விட்டு வெளிய வந்து நிக்குது.

அந்த டியூப் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றேன், டயருக்குள்ள ஒழுங்கா அடங்கி இருக்கற டியூப் டமார்னு வெடிக்காது, வெடிக்கவும் முடியாது. முள்ளு குத்துனா புஸ்ஸுன்னு காத்து எறங்கும், அவ்ளோதான். டமார்னு சத்தம் வந்துச்சுன்னா டியூப் எங்கயோ டயருக்கு வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். டியூப்ங்கறது பலூன் மாதிரி மெல்லிசு, அதைத் தாங்கிப் புடிக்கறது டயரும் ரிம்மும் தான், அந்த ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து கெடைச்சாலும் அது வழியா பிதுங்கி ஊதி வெடிச்சுரும். அதனால டயர் மாட்டற வேலையே அந்தச் சந்து விழாம பாத்துக்கற வேலைதான்.

மொதல்ல சைஸ். டயர் சைடுல 55-584 மாதிரி ஒரு நம்பர் அச்சடிச்சிருப்பாங்க, தேடிப் பாருங்க. 55ங்கறது டயர் அகலம் மில்லிமீட்டர்ல, 584ங்கறது டயர் ஓரம் போய் உக்கார்ற ரிம்மோட விட்டம். 559ன்னா நாம 26 இஞ்ச்ன்னு சொல்றது, 584ன்னா 27.5, 622ன்னா 29. கடையில வெறும் "26 குடுங்கண்ணே"ன்னு கேட்டா மாட்டிக்குவீங்க, ஏன்னா சாதா சைக்கிள்ல வர்ற 26 இன்ட்டு 1 3/8 டயருக்கும் 26ன்னுதான் பேரு, ஆனா அதோட விட்டம் 590. அந்த டயரை மவுண்டன் பைக் ரிம்ல போட்டா தொளதொளன்னு நிக்கும், காத்து ஏறுனதும் கழண்டுக்கும். டியூப் அகலத்தையும் பாருங்க, 1.95 முதல் 2.3 வரைக்கும்னு டப்பா மேலயே போட்டிருப்பாங்க, ரொம்ப சின்ன டியூப்பு இழுபட்டு மெலிஞ்சு போகும், பெரிய டியூப்பு உள்ள மடிஞ்சு கெடக்கும், அந்த மடிப்புலயே நாளைக்கு ஓட்டை விழும்.

மவுண்டன் பைக்ல வர்ற வால்வு ரெண்டு விதம். பைக், கார்ல இருக்கற தடிமனான வால்வு ஒண்ணு, அது ஷ்ரேடர். வெல கூடின சைக்கிள்ல ஒல்லியா நுனியில திருகாணி வச்ச மாதிரி வர்றது பிரெஸ்டா. தடி வால்வுக்குப் போட்ட ஓட்டையில ஒல்லி வால்வை சொருகுனா அது ஆடிக்கிட்டே இருக்கும், ரிம் ஓட்டை விளிம்பு வால்வு அடியை அறுத்துரும், அதுக்குன்னு சின்ன ரப்பர் வளையம் கெடைக்குது, போட்டுக்கங்க.

பழைய டயரைக் கழட்டுனதும் உடனே புது டியூப்பை உள்ள தள்ளிடாதீங்க. பழைய டியூப்புல ஓட்டை எங்கன்னு பாருங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை, பாம்பு கடிச்ச மாதிரி இருந்தா காத்து கம்மியா வச்சு கல்லுல மோதியிருக்கீங்க. ரிம் பக்கம், அதாவது டியூப்போட உள்வட்டத்துல ஓட்டைன்னா ரிம்முக்குள்ள சுத்தி ஒட்டியிருக்கற ரிம் டேப்பு கோளாறு. வெளிப்பக்கம்னா முள்ளு, அந்த முள்ளு இன்னும் டயர்ல தான் இருக்கும். நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இல்லாத மண் பாதையே கெடையாது, நெருஞ்சி முள்ளு டயர்ல ஒடிஞ்சு உள்ள மட்டும் ஒரு நூல் அளவுக்கு நீட்டிட்டு நிக்கும், கண்ணுக்கே தெரியாது. வெரலை விட்டுத் தடவாதீங்க, கிழிச்சுரும். பழைய பனியன் துணியை சுருட்டி டயர் உள்பக்கம் ஒரு சுத்து இந்தப் பக்கமா, ஒரு சுத்து அந்தப் பக்கமா இழுங்க, எங்க நூல் மாட்டுதோ அங்க முள்ளு. நகவெட்டியால புடுங்கிடுங்க. நான் எப்பவும் டயர்ல கம்பெனி பேரு எழுதியிருக்கற எடத்தை வால்வுக்கு நேரா வச்சு மாட்டுவேன், அழகுக்கு இல்ல, டியூப்புல ஓட்டை வால்வுல இருந்து எவ்ளோ தூரம்னு பாத்தா டயர்ல முள்ளு எங்கன்னு உடனே தெரிஞ்சுரும்.

அடுத்து ரிம் டேப்பு, பாதிப்பேரு இதைப் பாக்கறதே இல்ல. ரிம்முக்குள்ள ஸ்போக்ஸ் கம்பி வர்ற ஒவ்வொரு ஓட்டையும் முழுசா மூடியிருக்கணும், டேப்பு ஒரு பக்கமா நகந்து ஓட்டை விளிம்பு லேசா தெரிஞ்சாலும் டியூப்பு அதுக்குள்ள பிதுங்கி அறுந்துரும். வீட்டுல இருக்கற கரண்ட் வேலை பாக்கற இன்சுலேஷன் டேப்பை ஒட்டாதீங்க, சூட்டுல பசை இளகி வழுக்கிட்டுப் போயிரும். ரிம்முக்குன்னு விக்கற துணி டேப்பு வெல ஒண்ணும் பெருசு இல்ல.

இப்ப மாட்டலாம். டயர்ல சுத்தற தெசைக்கு அம்புக்குறி இருக்கும், பாத்து ஒரு பக்க ஓரத்தை ரிம்முல ஏத்துங்க. அந்த ஓரத்துக்குள்ள கம்பியோ நூலோ வளையமா ஓடுது பாருங்க, அதுக்குப் பேரு பீடு, காத்து ஏறுனதும் டயரை ரிம்மோட புடிச்சு வைக்கறது அதுதான். டியூப்புக்கு கொஞ்சூண்டு காத்து அடிங்க, உருண்டு நிக்கற அளவுக்கு மட்டும். தட்டையா இருக்கற டியூப்பு முறுக்கிக்கும், பீடுக்கு அடியில போய் படுத்துக்கும், உருண்ட டியூப்பு தானா உள்ள உக்காந்துக்கும். மொகத்துக்குப் போடற பவுடரை டியூப் மேல லேசா தடவுனா டயரோட ஒட்டாம சுலபமா நகரும். வால்வை ஓட்டையில விட்டு நட்டை ரெண்டு மூணு திருகு மட்டும் திருகுங்க, கட்டிங் பிளேயர் போட்டு இறுக்கவே இறுக்காதீங்க.

ரெண்டாவது பீடை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கமா ஏத்திட்டே வந்து வால்வுகிட்ட முடிங்க. கடைசி ஒரு முழம் இறுகி நிக்கும், எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்புவாங்க, டியூப்பு ரிம்முக்கும் டிரைவருக்கும் நடுவுல நசுங்கி அங்கயே ஓட்டை. ரிம்மை நல்லா பாருங்க, நடுவுல ஒரு பள்ளம் ஓடும். ஏற்கனவே ஏத்துன பக்கத்துல டயரை சுத்தியும் அமுக்கி ரெண்டு பீடையும் அந்தப் பள்ளத்துல எறக்கி விட்டா இந்தப் பக்கம் தொளர்ச்சி கெடைக்கும், அப்பறம் உள்ளங்கை அடியால சப்பாத்தி மாவு அழுத்தற மாதிரி அழுத்தி உருட்டுனா டப்புன்னு உள்ள விழும். அப்பவும் முடியலைன்னா சோப்புத் தண்ணி தொட்டு ஓரத்துல தடவுங்க. டயரை நெம்பற பிளாஸ்டிக் லிவர் கழட்டறதுக்கு மட்டும்.

மாட்டி முடிச்சதும் வால்வை ஒரு தடவை டயருக்குள்ள மேல தள்ளி திரும்பக் கீழ இழுங்க. வால்வு அடியில டியூப்பு தடிமனா இருக்கும், பீடு அது மேல ஏறி உக்காந்துக்கும், தள்ளி விட்டாதான் பீடு தன் எடத்துக்கு வரும். அக்கா பையன் விட்ட எடம் இதுதான், கிழிசல் வால்வுக்குப் பக்கத்துல இருந்ததுக்குக் காரணமும் இதுதான். அப்பறம் சக்கரத்தை மடியில வச்சு ரெண்டு கட்டை வெரலாலயும் டயர் ஓரத்தை உள்பக்கமா ஒதுக்கி ஒதுக்கி சுத்தி வாங்க, ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல கருப்பா டியூப்பு எங்கயாவது எட்டிப் பாக்குதான்னு. ரிம் டேப்பு மட்டும்தான் தெரியணும். ரெண்டு பக்கமும் இப்படிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை, வெடிக்கறதுல பெரும்பாலானதை இந்த ஒரு நிமிஷம் தடுத்துரும்.

காத்து ஒரே மூச்சுல அடிக்கக் கூடாது. கையால அடிக்கற பம்புல 10, 15 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) வரைக்கும் அடிச்சு நிறுத்துங்க. டயர் சைடுல ரிம்முக்கு ஒட்டுனாப்புல ஒரு மெல்லிசு கோடு சுத்தி ஓடும், அது ரிம்முல இருந்து எல்லா எடத்துலயும் ஒரே தூரத்துல இருக்கணும். எங்கயாவது கோடு உள்ள முழுங்கியிருந்தா அங்க பீடு ஏறல, மேல எழும்பி நின்னா டியூப்பு அடியில மாட்டியிருக்கு. காத்தை முழுசா எறக்கி, அந்த எடத்தைக் கையால பெசைஞ்சு விட்டு, திரும்ப 15க்கு அடிச்சுப் பாருங்க. நான் சரியா இருந்தாக் கூட ஒரு தடவை எறக்கி ஏத்துவேன், டியூப்புல இருக்கற முறுக்கு அதுல பிரிஞ்சுரும். அப்பறம்தான் முழு காத்து.

எவ்ளோ அடிக்கறதுன்னா டயர் சைடுல போட்டிருக்கற அதிகபட்ச அளவைத் தாண்டவே கூடாது, அது மொத விதி. ரோடு பைக்ல 80, 90 அடிக்கறாங்களேன்னு பாத்து அடிக்காதீங்க, அகலமான டயர்ல அதே காத்து பீடை இன்னும் பலமா வெளிய இழுக்கும். 65, 70 கிலோ ஆளு, 2.1 இல்ல 2.25 டயரு, டியூப் போட்டதுன்னா காப்பித் தோட்டத்து மண் பாதைக்கு முன்னாடி 30, பின்னாடி 34ல ஆரம்பிங்க, தார் ரோட்டுல ஏற்காடு ஏற 40 வரைக்கும் வைக்கலாம். வெரலால அமுக்கிப் பாக்கற கணக்கு உதவாது, அழுத்தத்தைக் காட்டற கேஜ் வச்ச தரைப் பம்பு ஒண்ணு வாங்கிடுங்க. பங்க் கம்ப்ரஸர் லாரிக்கும் காருக்கும் அடிக்கற வேகத்துல வைக்கறது, நம்ம டயர்ல இருக்கற எடத்துக்கு ரெண்டு மூணு செகண்டே அதிகம், நடுவுல நிறுத்தி அந்தக் கோட்டைப் பாக்கவும் விடாது.

வெயில்ல வச்சா வெடிக்கும், மலை மேல போனா காத்து விரிஞ்சு வெடிக்கும்னு சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாத்துரலாம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. அந்த உயர வித்தியாசத்துக்கு கேஜ்ல 2 பிஎஸ்ஐ கூடும், மேல குளுந்து இருக்கறதால அதுல பாதி திரும்பக் கொறையும். சித்திரை வெயில்ல டயர் 30 டிகிரி கூட சூடானாலும் 5 பிஎஸ்ஐ கூடும். ஒழுங்கா உக்காந்த டயருக்கு இது ஒண்ணுமே இல்ல, அரைகுறையா தொத்திட்டு இருந்த பீடுக்கு அது போதும், அக்கா வீட்டு வாசல்ல ஆனது அதான்.

மலையில நெஜமா பயப்பட வேண்டியது எறக்கத்துல ரிம் பிரேக்கு. 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கைப் புடிச்சுட்டே எறங்குனா ரிம்மு கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், டேப்பு இளகும், உள்ள காத்து விரியும், டயர் ஓரம் வழுக்கும். வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி வேகத்தைக் கொறைச்சு அப்பறம் விட்டுருங்க, ரெண்டு பிரேக்கையும் பயன்படுத்துங்க, அஞ்சாறு வளைவுக்கு ஒரு தடவை ஓரமா நிறுத்தி ஆற விடுங்க, முக்கியமா இன்னொரு மலைப் பாதையான குப்பனூர் வழியா எறங்கறப்ப. டிஸ்க் பிரேக்குன்னா ரிம்முக்கு இந்த சூடு வராது.

பையில ஒரு டியூப்பு, அதை வெறுமனே போடாம பழைய சாக்ஸுக்குள்ள வச்சு, ரெண்டு லிவர், கைப் பம்பு, டயர் சைடு கிழிஞ்சா உள்ள வச்சு அடைக்க பழைய டயர்ல வெட்டுன ஒரு துண்டு. வழியில மாத்துனாலும் அதே வரிசைதான், பனியன் துணிக்குப் பதிலா கர்ச்சீப்பு, 15ல நிறுத்தி கோடு பாக்கறது, மேகம் எறங்கி மழை தூறுனாலும் அதை மட்டும் விடாதீங்க, அடுத்த வளைவுல ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம்.