சாம்பிள் லைப்ரரிகளைப் புதிய எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாற்றும் முறை

இராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடற்கரைக்கு அருகிலுள்ள ஒரு சிறிய அறையில் இசைக்கோப்புப் பணி செய்து வருகிறேன். என் மடிக்கணினியின் 512 ஜிபி சேமிப்பகத்தில் ஏறக்குறைய 300 ஜிபியை வயலின் குழு, பியானோ, தாளக் கருவிகள் ஆகியவற்றின் சாம்பிள் லைப்ரரிகளே, அதாவது பதிவு செய்யப்பட்ட கருவி ஒலிகளின் தொகுப்புகளே, அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் புதிய டிரைவுக்கு நகலெடுப்பது எளிது; அவை இடம் மாறிய செய்தியை மென்பொருளுக்குத் தெரிவிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

எந்த டிரைவை வாங்குவது?

சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் விலை குறைவு என்றாலும் இந்த வேலைக்குச் சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டியே ஏற்றது. இந்த ஒலிகளை இசைக்கும் கான்டாக்ட் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மீதியை நாம் வாசிக்கும்போதே டிரைவிலிருந்து படிக்கின்றன. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஒலிகளைத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால், ஹார்ட் டிஸ்க் திணறும்போது இசையில் வெடிப்பொலி கேட்கும். கேபிளையும் போர்ட்டையும் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 35 எம்பி அளவே கிடைக்கும் என்பதால் 300 ஜிபியை நகலெடுக்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3 போர்ட்டில் நல்ல எஸ்எஸ்டி இதை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடக்கூடும். 1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு மட்டுமே.

ஃபார்மேட் செய்தலும் பெயரிடுதலும்

விண்டோஸ் மட்டும் பயன்படுத்துவோர் என்டிஎஃப்எஸ் முறையிலும், மேக் மட்டும் பயன்படுத்துவோர் ஏபிஎஃப்எஸ் முறையிலும் ஃபார்மேட் செய்யலாம். இரண்டிலும் பயன்படுத்த வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் தேவைப்படும். ஆனால் இடையில் கேபிள் பிடுங்கப்பட்டால் கோப்புகள் சிதைய அதில் வாய்ப்பு அதிகம். ஃபேட்32 வேண்டவே வேண்டாம், 4 ஜிபியை எட்டும் கோப்பை அது ஏற்காது.

பலர் தாண்டிப்போகும் படி இனி வருவது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்த டிரைவுக்கு எஸ் போன்று அகரவரிசையில் பின்னால் வரும் ஓர் எழுத்தை நிலையாகக் கொடுங்கள். இல்லாவிட்டால், வேறொரு பென்டிரைவ் முதலில் செருகப்பட்ட நாளில் எழுத்து மாறிப்போய், மென்பொருள் எல்லா லைப்ரரிகளையும் காணவில்லை என்று சொல்லும். மேக்கில் டிரைவின் பெயரே முகவரியின் பகுதி என்பதால், வைத்த பெயரைப் பிறகு மாற்றாதீர்கள்.

நகலெடுத்தல்

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை 'கட்' செய்து 'பேஸ்ட்' கொடுத்தேன். பாதியில் மின்சாரம் நின்றது, பேட்டரி பழுதான மடிக்கணினியும் உடனே அணைந்தது. அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாகிவிட, எவை நகர்ந்தன, எவை நகரவில்லை என்று தேடுவதிலேயே இரண்டு இரவுகள் கழிந்தன. ஆகவே எப்போதும் 'காப்பி' மட்டுமே செய்யுங்கள். கணினி உறங்கிப்போகாதபடி அமைப்பை மாற்றி, முடிந்தால் யுபிஎஸ்ஸில் இணைத்து வையுங்கள். கட்டளை வரிக்கு அஞ்சாதவர்கள் விண்டோஸில் ரோபோகாப்பியையும் மேக்கில் ஆர்சிங்கையும் பயன்படுத்தலாம். இடையில் நின்றாலும், மீண்டும் ஓடவிட்டால் ஏற்கெனவே முழுமையாகச் சென்ற கோப்புகளை அவை விட்டுவிட்டு மீதியைத் தொடரும்.

ஒரு லைப்ரரியின் கோப்புறைக்குள் இருக்கும் உட்கோப்புறைகளின் பெயரையோ அடுக்கையோ மாற்றக் கூடாது. இசை மென்பொருளுக்குள் கூடுதலாகச் சேர்ந்து இயங்கும் பிளக்இன்களின் கோப்புகளையும் நகர்த்த வேண்டாம். அவை கணினியிலேயே இருக்கட்டும். நகல் முடிந்ததும் பழைய கோப்புறை, புதிய கோப்புறை இரண்டின் மொத்த அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய முகவரியைத் தெரிவித்தல்

இப்போது பழைய கோப்புறையை அழிக்காமல், அதன் பெயரோடு 'பழையது' என்று சேர்த்துவிடுங்கள். இதனால் மென்பொருள் பழைய இடத்திலிருந்தே ஒலிகளைப் படித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதாக நம்மை நம்பவைக்க முடியாது.

நேட்டிவ் ஆக்சஸ், ஸ்பிட்ஃபயர் ஆடியோ போன்ற, லைப்ரரி நிறுவனங்கள் தரும் செயலிகளைத் திறந்தால், இடம் மாறிய லைப்ரரிக்கு 'ரிப்பேர்' அல்லது 'லொக்கேட்' என்ற தெரிவு கிடைக்கும். அதில் புதிய கோப்புறையைக் காட்டினால் போதும், மீண்டும் பதிவிறக்கத் தேவையில்லை. ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் ப்ரோவின் சொந்த ஒலிகளைக் கையால் நகர்த்தாமல், அந்த மென்பொருளின் மெனுவில் உள்ள சவுண்ட் லைப்ரரி இடமாற்றக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். அதற்கு டிரைவ் ஆப்பிள் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

செயலியில் பதிவாகாத கான்டாக்ட் லைப்ரரிகள் திறக்கும்போது சாம்பிள்களைக் காணவில்லை என்று கேட்கக்கூடும். புதிய கோப்புறையை ஒருமுறை காட்டிய பின், கோப்பு மெனுவில் உள்ள 'பேட்ச் ரீ-சேவ்' மூலம் அந்த லைப்ரரி முழுவதையும் புதிய முகவரியுடன் சேமிக்கலாம். இது கருவிக் கோப்புகளின் மேலேயே எழுதும் என்பதால், அவற்றின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

சோதனையும் பராமரிப்பும்

கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்து, நீங்கள் முன்பு செய்த பாடல்களில் கனமான இரண்டு மூன்றை முழுவதும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரு வாரம் சிக்கலின்றி வேலை நடந்த பிறகு 'பழையது' கோப்புறையை நீக்கலாம்.

விலைக்கு வாங்கிய லைப்ரரி தொலைந்தால் மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். கரைவலை இழுக்கும் பெரியவர்கள் பாடிய அம்பாப் பாட்டை நான் பதிவு செய்து உருவாக்கிய சாம்பிள்கள் தொலைந்தால் யாரிடம் கேட்பது? அப்படிப்பட்ட சொந்தப் பதிவுகளுக்கு வேறொரு டிரைவில் இரண்டாவது நகல் கட்டாயம் தேவை. எங்கள் கரையின் உப்புக்காற்று யுஎஸ்பி முனைகளை அரித்துவிடும். டிரைவைச் சன்னலோரம் வைக்காமல், வேலை முடிந்து 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றியதும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுகிறேன்.